மலைக்கு அந்தப் பக்கத்து அயிரை

களக்காடு,
1912 ஜனவரி 18.

அன்புள்ள தம்பி அருமைநாயகத்துக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். பனிக்கு வந்த இருமல் போய்விட்டது. சென்னைத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, வெயிலில் குடையில்லாமல் அலைவதை விட்டாயா என்று எழுது.

கிறிஸ்துமஸுக்கு நீ வராததைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. காலேஜ் துரை பேச்சிப்பாறை அணைக்கு மீன் பிடிக்கப் போனால், அவருக்கு உதவியாள் என்று இருக்கிற நீயும் கூடப் போகத்தான் வேண்டும். காலராவில் அப்பாவும் அம்மாவும் இறந்த வருஷம் தொட்டு, நாம் இரண்டு பேரும் வேறு வேறு வீட்டில் சாப்பிட்ட முதல் கிறிஸ்துமஸ் இது. ஞாபகத்துக்காக எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை.

நீ கேட்டிருந்த மீன் இத்துடன் ரயில் பார்சலில் வருகிறது. செங்கல்தேரிக்கு மேலே பச்சையாறு பாறைக்குப் பாறை இறங்குகிற இடத்தில், விறகுக்குப் போகிற பெண்களோடு ஏறிப் போய், என் பழைய சேலைத்துண்டை விரித்துப் பிடித்தேன். விரல் நீளம்தான் இருக்கும். உடம்பில் மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை, வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு. குழம்பு வைக்கிற ஆற்று அயிரைக்கு இந்தப் பொட்டு கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதற்குப் பொட்டு அயிரை என்று பேர் வைத்து, கிறிஸ்தவ டீச்சர் வீட்டு மீனுக்குப் பொட்டு என்று சொல்லி ஒரே சிரிப்பு.

மீனைச் சாராயத்தில் போட்டு அனுப்பு என்று சுலபமாய் எழுதிவிட்டாய். வண்டிக்கார ஐயம்பெருமாளைக் கடைக்கு அனுப்பினேன். "யாருக்குலே?" என்று கடைக்காரன் கேட்டிருக்கிறான். "பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவுக்கு" என்று இவன் கூசாமல் சொல்லியிருக்கிறான். அடுத்த ஞாயிறு உபதேசியார் மதுபானத்தைக் குறித்துப் பிரசங்கம் பண்ணினார். என் பக்கம் பார்த்தே பண்ணினார்.

அந்த அவமானத்துக்குத் தகுந்த மீன்தானா என்று துரையைக் கேட்டு எழுது.

உன் அக்கா,
இன்பமணி.

*

சென்னை, வேப்பேரி,
1912 பிப்ரவரி 6.

அன்பு மிகுந்த அக்காவுக்கு,

தேவன் தயவால் நலமாய் இருக்கிறேன். உன் இருமல் விட்டது கேட்டுச் சந்தோஷம்.

தகுந்த மீன்தான் அக்கா. துரை பொட்டு அயிரையைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து மத்தியானச் சாப்பாட்டையும் மறந்துவிட்டார். எந்தப் புத்தகத்திலும் இது இல்லையாம். அவர் ஏன் இவ்வளவு பரபரக்கிறார் என்று உனக்குச் சொல்லுகிறேன். இந்த மீன் குளிர்ந்த மலைத் தண்ணீரில்தான் பிழைக்கும். கீழே சமவெளிக்கு இறங்கினால் வெயிலில் காய்ந்து கிடக்கிற மணல் ஆறு. அதையும் தாண்டிப் போனால் கடல், உப்பு கொன்றுவிடும். மலையேறி அந்தப் பக்கம் போக அதற்குக் காலும் இல்லை. பறவையாவது, நண்டாவது இடம் மாறிப் போகும். இது தண்ணீர் கொண்டுவிட்ட இடத்தில்தான் இருக்கும். அதனால், எந்த மீன் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் ஆறுகள் பழைய காலத்தில் எங்கே ஓடின என்று தெரிந்துபோகும் என்பார் துரை.

நம் பச்சையாறு போய்ச் சேருகிற தாமிரபரணியின் தலைப்பில், மலைமேல் ஊற்றெடுக்கிற இடத்தில் மட்டும் இருக்கிற மீன் என்று அவர் எழுதப்போகிறார். புதிய மீனுக்குக் கண்டுபிடித்தவர் பேரை லத்தீனில் வைப்பது வழக்கம். உன் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பேச்சிப்பாறையில் எங்களைத் தங்கவைத்த ஓவர்சியர் தேவதாசன் அவர்களும் நம் சபையார்தான், நாகர்கோவில் மிஷனைச் சேர்ந்தவர்கள். அந்த வீட்டிலும் மீன் சேகரிக்கிறார்கள். நல்ல மனிதர்கள்.

உன் அன்புத் தம்பி,
அருமைநாயகம்.

*

களக்காடு,
1912 பிப்ரவரி 27.

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். கரும்பலகையில் இன்பமணி என்று எழுதி, லத்தீனில் இது எப்படி இருக்கும் என்று எனக்குள்ளே சொல்லிப் பார்த்தேன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் டீச்சருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள்.

உனக்குச் சொல்லுவதில் என்ன. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் அப்பா பேரை வைப்பாய், அம்மா பேரை வைப்பாய். பிள்ளை பெறாத அத்தையின் பேரை எந்தப் பிள்ளைக்கும் வைக்கமாட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் களக்காட்டு மலைத் தண்ணீரில் என் பேரோடு ஒன்று நீந்திக்கொண்டிருக்கும் என்றால் அது நல்ல காரியம்தானே.

நாலைந்து மீனை உயிரோடு கொண்டுவந்து கல்தொட்டியில் விட்டிருக்கிறேன். கூழாங்கல்லுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, மேகம் போட்டால்தான் வெளியே வருகின்றன. ஒன்றுக்கொன்று ஆகாது. ஒரு கல்லுக்கு அடியில் ஒன்று இருந்தால் மற்றொன்றை அங்கே விடுகிறதில்லை.

"அந்த வீட்டிலும் மீன் சேகரிக்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். யார் சேகரிக்கிறார்கள்? ஓவர்சியரா?

உன் அக்கா,
இன்பமணி.

*

சென்னை, வேப்பேரி,
1912 ஏப்ரல் 10.

அன்பு மிகுந்த அக்காவுக்கு,

உடனே பதில் எழுதாததற்கு மன்னிப்பாயாக. பரீட்சை வேலை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வெயில் காலத்தில் மோர் குடி.

ஓவர்சியர் இல்லை அக்கா. அவர் மகள். பேர் யூனிஸ். நாகர்கோவிலில் படித்து, அங்கேயே லேஸ் பின்னுகிற வேலையும் கற்றவள். மீனுக்காக அந்த லேஸ் நூலிலேயே ஒரு சின்ன வலை பின்னி வைத்திருக்கிறாள். அரிசிமணி அளவு குஞ்சுகூட அதில் தப்பாது. சீட்டில் எழுதின மை சாராயத்தில் கரைந்துபோகிறது என்று துரை எப்போதும் குறைப்படுவார், அவள் ஊரையும் தேதியையும் துணித்துண்டில் ஊசியால் தைத்துக் குப்பிக்குள்ளே போட்டுவிடுகிறாள். எழுத்து அச்சுப்போல் இருக்கிறது. இங்கே காலேஜில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மழையில் வழுக்குகிற பாறையில் வெறுங்காலோடு நடப்பாள், அவள் அப்பா கூப்பிடக் கூப்பிடத் திரும்பமாட்டாள்.

அவள் கிறிஸ்துமஸ் சமயத்தில், பேச்சிப்பாறை அணைக்கு வருகிற கோதையாற்றின் தலைப்பில் பிடித்த மீன்களை இப்போதுதான் குப்பி குப்பியாய்ப் பிரித்தோம். அதில் பொட்டு அயிரை இருக்கிறது. வாலடிப் பொட்டு, பட்டை, மீசை எல்லாம் அதேதான். துரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றே என்கிறார். தேதியைப் பார்த்தால் அவள் பிடித்தது முதலில்.

பேர் வைக்கிற காரியத்தை துரை நிறுத்தி வைத்திருக்கிறார். நீ வருத்தப்பட வேண்டாம். மலைக்குக் கிழக்கே ஓடுகிற ஆற்றிலும் மேற்கே ஓடுகிற ஆற்றிலும் ஒரே மீன் எப்படி வந்தது என்பதுதான் இப்போது எங்கள் எல்லோருக்கும் கேள்வி.

உன் அன்புத் தம்பி,
அருமைநாயகம்.

*

களக்காடு,
1912 ஏப்ரல் 19.

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். மோர் குடிக்கிறேன்.

உன் கடிதத்தில் மீனைப் பற்றிக் கொஞ்சம் இருந்தது. வலையைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் வெறுங்காலைப் பற்றியும் நிறைய இருந்தது. நான் செங்கல்தேரி ஏறி இறங்கி முழங்காலில் தோல் போனதைப் பற்றி உனக்கு எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் இந்த மீன் கிடையாது. காலில்லாத மீன் மலை ஏறாது என்று எழுதியவன் நீதான். ஆனால் காலுள்ள மனுஷர் ஏறுவார்கள். நம் பக்கத்து ஆட்கள் தேனும் கடுக்காயும் எடுத்துக்கொண்டு மலை தாண்டி அந்த அணைப் பக்கம் போய் வருகிறார்கள். ஐயம்பெருமாளை விசாரித்தேன். அவர்கள் குடத்தில் கொண்டுபோய்க் கொடுத்த மீனை வாங்கி, அந்தப் பெண் தன் ஓடையில் பிடித்ததாகத் துணியில் தைத்து அனுப்பியிருக்கிறாள். தேதியை ஊசியால் தைத்துவிட்டால் அது உண்மையாகிவிடுமா? எந்தத் தேதியை வேண்டுமானாலும் தைக்கலாம்.

நான் விசாரிக்காமல் எழுதுகிறவள் இல்லை. துரையிடம் சொல். அந்த மீன் நம் ஆற்று மீன்.

உன் அக்கா,
இன்பமணி.

*

சென்னை, வேப்பேரி,
1912 ஜூன் 14.

அக்காவுக்கு,

உன் வார்த்தையை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. துரையிடம் சொல்லிவிட்டேன். அவர் பேச்சிப்பாறைக் குப்பிகளை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டார். மீனுக்கு உன் பேரே இருக்கட்டும் என்கிறார்.

நீ எழுதியதை அப்படியே எழுதி, இந்த மீனை அவளுக்கு யார் கொடுத்தது என்று அந்த வீட்டுக்கும் கேட்டேன். பதில் வரவில்லை. இனி வராது என்று நினைக்கிறேன்.

அங்கே சாரல் பிடித்துவிட்டதா?

அருமைநாயகம்.

*

பேச்சிப்பாறை,
1912 ஆகஸ்ட் 21.

மரியாதைக்குரிய இன்பமணி அம்மாளுக்கு,

நீங்களும் உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நாங்கள் சுகம். என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஆகையால் நானும் உங்களுக்கு எழுதலாம் என்று துணிந்தேன்.

உங்கள் தம்பி கேட்ட கேள்விக்கு நான் அவருக்குப் பதில் போடவில்லை. கேள்வி அவருடையதாய் எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு யாரும் மீன் கொடுக்கவில்லை அம்மா. எங்கள் ஓடை முத்துக்குழிவயலுக்கும் மேலே, மலையின் முதுகிலிருந்து வருகிறது. அங்கே என் கையால், என் வலையால் பிடித்தேன். இன்னொன்றும் சொல்லுகிறேன். இந்த ஆறு கீழே குழித்துறைக்குப் போகும்போது அதற்கு இங்கே தாமிரபரணி என்றுதான் பேர். அந்தப் பேரையும் உங்கள் பக்கத்திலிருந்து குடத்தில் கொண்டுவந்தோம் என்று எழுதிவிடாதீர்கள்.

மழை நின்று ஜனவரியில் பாதை காயும். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மலைமுதுகுக்கு வரச் சம்மதித்திருக்கிறார். உங்கள் ஓடையும் எங்கள் ஓடையும் ஒன்றுக்கொன்று மிகவும் கிட்டத்தில் வருகிற இடத்தை, மலையில் குடியிருக்கிற காணிக்காரர்கள் வறட்டுக்கசம், வற்றிப்போன மடு, என்கிறார்கள். பொங்கலுக்கு அடுத்த திங்கள்கிழமை நான் அங்கே இருப்பேன். உங்கள் பக்கத்திலிருந்து நீங்கள் ஏறி வாருங்கள். உங்கள் கண்ணுக்கு முன்னால் எங்கள் ஓடையில் வலை போடுகிறேன். மீன் இல்லையென்றால் நீங்கள் எழுதியது உண்மை என்று நானே துரைக்கு எழுதுவேன்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
யூனிஸ் தேவதாசன்.

*

களக்காடு,
1912 அக்டோபர் 30.

யூனிஸ் அம்மாளுக்கு,

சுகம். உங்கள் கடிதம் வந்தது. பதில் எழுத நாளானதற்குப் பள்ளிக்கூட வேலை காரணம்.

வருகிறேன். எங்கள் ஓடையிலும் வலை போட வேண்டும்.

இன்பமணி அப்பாத்துரை.

*

களக்காடு,
1913 ஜனவரி 30.

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தர் என்னை மலையிலிருந்து கை கால் முறியாமல் இறக்கிக்கொண்டு வந்தார். நீ சுகமாயிருக்கிறாயா? பல மாதமாய் உன் கடிதங்களில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை, அதுவும் ஒரு வரிதான்.

உன்னிடம் சொல்லாமல் மலைக்குப் போயிருந்தேன். ஐயம்பெருமாளும் வழிகாட்ட ஒரு காணிக்காரரும் வந்தார்கள். செங்கல்தேரியில் ஒரு ராத்திரி தங்கி, விடிந்ததும் ஏறினோம். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் முன்னாலேயே வந்து ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். நீ எழுதியதை வைத்து ஒரு அழகியை எதிர்பார்த்துப் போனேன். கறுத்து, நெடுநெடுவென்று, வாய் கொஞ்சம் பெரிசாய் இருந்தாள். எனக்கு ஆறுதலாய் இருந்தது. அப்புறம் அவள் சிரித்தாள், அந்த ஆறுதலும் போய்விட்டது.

"வந்தியளா டீச்சரம்மா. வரமாட்டிய, ஆளை அனுப்பிருவியன்னு அப்பாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

களைப்புக்குக் குடிக்க நான் கொண்டுபோயிருந்த சுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். "இது என் தம்பிக்கு உயிர்" என்று சொன்னேன், வேண்டுமென்றேதான் சொன்னேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள். "அவுகளுக்குச் சுக்கு ஆகாதே. எங்க வீட்ல அம்மா குடுத்தப்போ, சின்னப் பிள்ளையில இருந்தே பிடிக்காதுன்னாகளே" என்றாள். இத்தனை வருஷம் என் கையால் வாங்கிக் குடித்தாயே, ஒரு நாள் சொல்லியிருக்கலாம்.

மீனுக்கு வருகிறேன். முதலில் நம் ஓடையில் அவள் வலையைப் போட்டேன், பொட்டு அயிரை வந்தது. பிறகு மேட்டைத் தாண்டி அவள் ஓடைக்குப் போனோம். வலையை என் கையிலேயே கொடுத்து, "நீங்களே போடுங்க. நான் போட்டா சேலைக்குள்ள வச்சிருந்தேன்னு எழுதுவிய" என்றாள். போட்டேன். கல்லைப் புரட்டி, பைய வலையைத் தூக்கினேன். அதே பட்டை, வாலடியில் அதே பொட்டு. வேறு ஆறு என்று சொல்ல அதன் உடம்பில் ஒரு அடையாளமும் இல்லை. தண்ணீரில் விட்டுவிட்டு இன்னொன்று பிடித்தேன். அதுவும் அதேதான்.

இப்போது நீ கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இரண்டு ஓடைக்கும் நடுவே இருக்கிறதே, அந்த வறட்டுக்கசம், அதைப் பார்த்தால் நீ அங்கேயே குடிசை போட்டுக்கொள்வாய். மலைமுதுகுக்குக் குறுக்கே ஒரு ஆற்றுப் படுகை கிடக்கிறது, தண்ணீர்தான் இல்லை. கூழாங்கல் எல்லாம் முக்கூடல் ஆற்றங்கரைக் கல்லைப்போல் உருண்டு வழவழவென்று இருக்கிறது. பாறையில் பெரிய அண்டா அளவு குழி, தண்ணீர் சுழன்று சுழன்று குடைந்தது. மலை உச்சியில், ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடாத இடத்தில். அவள் ஓடை வடக்கேயிருந்து இந்தப் படுகையைப் பார்த்து நேராய்த்தான் வருகிறது. கிட்டத்தில் வந்ததும் முழங்கையை மடக்கினதுபோல் மேற்கே திரும்பிக் குதித்துவிடுகிறது.

குழிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். "இது முன்னால இங்கனகூடி எங்க பக்கம்தான் வந்திருக்கு" என்றேன்.

"ஆமா. எனக்கும் அதுதான் தோணுச்சு" என்றாள். "எங்க பக்கம் மழை ஜாஸ்தி, சரிவும் ஜாஸ்தி. எங்க ஆறு அடியில இருந்து மலையை அரிச்சுக்கிட்டே மேல ஏறி வந்து, உங்க ஓடையோட தலைமாட்டை எட்டிப் பிடிச்சிருக்கு. ஓடைக்குள்ள இருந்த மீனு என்ன செய்யும்? பாதி எங்ககூட வந்துட்டு, பாதி உங்ககூட நின்னுட்டு."

"அப்போ எங்க ஓடையை உங்க ஆறு திருடிருக்கு."

"ஆறு திருடுமா டீச்சரம்மா? பள்ளம் எங்கன இருக்கோ அங்கன போகும்."

அவள் அப்பா கொஞ்ச தூரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து எங்களைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சத்தத்தைக் குறைத்து, "நான் களவாணி இல்லைன்னு இப்ப தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். தெரிந்தது என்று சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கண் கலங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூழாங்கல்லைப் பொறுக்கி மடியில் போட ஆரம்பித்தாள்.

இதை துரையிடம் ஒன்றும் விடாமல் சொல். ஐயம்பெருமாள் என்னிடம் சொன்னது, நம் ஆட்கள் மலை தாண்டிப் போவார்கள் என்பது மட்டும். குடமும் மீனும் நான் சேர்த்தது. அவள்தான் முதலில் பிடித்தவள்.

இதை எழுதிவிட்டதால் எனக்கு அவள்மேல் பிரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
இன்பமணி.

*

சென்னை, வேப்பேரி,
1913 மார்ச் 3.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாய்த்தான் இருக்கிறேன். நீ மலையேறியதை நினைக்க எனக்குப் பயமாய் இருக்கிறது, இனி அப்படிச் செய்யாதே.

உன் கடிதத்தை துரைக்கு வரி வரியாய் மொழிபெயர்த்துச் சொன்னேன். வறட்டுக்கசம் வந்ததும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். அடித்தட்டிலிருந்த குப்பிகளை அவரே குனிந்து எடுத்தார். இரண்டு ஓடையும் ஒரு காலத்தில் ஒன்று, மீனே அதற்குச் சாட்சி என்று எழுதுகிறார். யார் பேரையும் வைக்காமல், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தாமிரபரணியின் பேரையே வைத்துவிட்டார். கட்டுரையின் அடியில் உன் பேரும் அவள் பேரும் சேர்ந்து இருக்கும்.

அக்கா, உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. உனக்குத் தெரிந்திருக்கும். நீ எழுதியதைப் படித்த அன்றே நான் யூனிஸுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், என்னைக் கட்டிக்கொள்ள மனதுண்டா என்றும் கேட்டேன். உன் சம்மதம் அவசியம், என் அக்கா வந்து பேசுவாள் என்றும் எழுதியிருந்தேன். மனதில்லை என்று பதில் வந்துவிட்டது. ஒரே வரி.

எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் வேலை காலியாகிறதாம். கேட்டால் கிடைக்கும். நீயும் அங்கே மாற்றல் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் நான் வாரத்துக்கு ஒரு தடவை களக்காடு வந்துவிடுகிறேன். அம்மா அப்பா போன பிறகு நாம் இருந்ததுபோல் இருந்துவிடலாம். நீ என்ன சொல்லுகிறாயோ அதன்படி செய்கிறேன்.

உன் தம்பி,
அருமைநாயகம்.

*

பேச்சிப்பாறை,
1913 ஏப்ரல் 16.

அன்புள்ள தம்பி அருமைநாயகத்துக்கு,

நான் சுகம். நீ எந்த ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று மேலே மறுபடி பார்த்திருப்பாய். சரியாய்த்தான் பார்த்தாய்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க வேண்டியதில்லை. அன்றைக்கே வீட்டை ஒட்டடை அடித்தேன். மேற்கு அறையில் உன் மேஜையைப் போட இடம் பார்த்தேன். பள்ளிக்கூடம் பெருக்குகிற இசக்கியம்மாவிடம், தம்பி வந்துவிடப்போகிறான் என்று சொன்னேன். "கல்யாணத்துக்கா டீச்சரம்மா?" என்று கேட்டாள். "இல்லை, என்னோடேயே இருக்க" என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். யாரைப் பாவம் என்றாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காததுதான் மனசில் கிடந்து அறுத்தது. கொஞ்ச நாள் வரைக்கும் தாங்கினேன். பிறகு ஐயம்பெருமாளை வண்டி பூட்டச் சொல்லி ஆரல்வாய்மொழி வழியாய்ப் புறப்பட்டுவிட்டேன்.

ஓவர்சியர் அணைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்தார்கள். நன்றாய் இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாடு முடிந்தபின் யூனிஸ் முற்றத்து நிழலில் லேஸ் திண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் விரலுக்கிடையில் நூல்கட்டைகள் கடகடவென்று புரண்டுகொண்டிருந்தன. நான் எதிரே உட்கார்ந்தேன்.

"என் தம்பி உன்னைக் கேட்ட கேள்வி அவனுடையது இல்லை. நான் எழுதிக் கொடுத்தது. கோபம் என் மேலதான் இருக்கணும்" என்றேன்.

கட்டைகள் நின்றன. "அதுதானே கோபம், மதினி" என்றாள். அவள் என்னை டீச்சரம்மா என்னாமல் மதினி என்றதை அப்போது நான் கவனிக்கவில்லை, இப்போது எழுதும்போதுதான் படுகிறது. "நீங்க என்னைக் களவாணின்னது பெரிசில்ல. உங்களுக்கு என்னைத் தெரியாது. அவுக இந்த வீட்ல தங்கி, எங்ககூட ஓடைக்கு வந்து, நான் வலை போட்டதைக் கண்ணால பாத்தவுக. உங்க காகிதம் வந்ததும் கண்ணு பாத்தது பொய்யாப் போச்சு. அவுகளுக்குன்னு ஒரு வார்த்தை இல்லாம, உங்க வார்த்தையை அப்படியே எனக்கு எழுதுதாக. பெறகு நீங்க மாத்தி எழுதினதும், அவுகளும் மாத்தி எழுதுதாக. அக்கா வந்து பேசுவாங்கன்னு வேற எழுதியிருந்தாக. நாளைக்கு நீங்க இன்னொரு காகிதம் எழுதினா என் கதி என்ன?"

"அதுக்குத்தான் நானே வந்திருக்கேன்" என்றேன்.

"பாத்தியளா. இப்பவும் கேக்க வந்தது நீங்கதான்" என்றாள். சிரித்தாள், ஆனால் கோபம் போன சிரிப்பு இல்லை. "அவுகளை வரச் சொல்லுங்க. இல்ல, வரச் சொல்லாதிய. அவுகளுக்கா வரணும்னு தோணுனா வரட்டும். தனியா வரட்டும். நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல. ஆனா அவுக கேட்டாத்தான் சொல்லுவேன்."

தம்பி, வரச் சொல்லாதே என்றாள், அதனால் நான் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பாளையங்கோட்டை வேலையைப் பற்றி என் யோசனையைக் கேட்டிருந்தாய். என்னிடம் யோசனை இல்லை. மேற்கு அறையில் தானியம் கொட்டி வைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

எனக்கு இவள்மேல் பொறாமை தீரவில்லை. உனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று இந்த வீட்டில் என்னைவிட நன்றாய்த் தெரிந்து வைத்திருக்கிறார்கள். தீரட்டும் என்று காத்திருந்தால் உனக்கு வயதாகிப்போகும், ஆகையால் அதோடேயே இருந்துகொள்கிறேன்.

நீ இங்கே வந்தால் என்ன பேச வேண்டும், ஓவர்சியரிடம் எப்படி ஆரம்பிக்க வேண்டும், அவளிடம் எதைச் சொல்லக் கூடாது என்று நேற்று ஒரு தாள் முழுக்க எழுதினேன். நல்ல எழுத்து, நீ மனப்பாடம் பண்ணிக்கொண்டால் போதும். இன்று காலையில் அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

நாளைக்கு வண்டி புறப்படுகிறது. நீ வருகிற நாள் எதுவாயிருந்தாலும் நான் இங்கே இருக்கமாட்டேன்.

உன் அக்கா,
இன்பமணி.